மூன்று சின்னப் பிள்ளைகளும் ஒரு ஸ்ரோலரும்: ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே ஸ்ரோலர், அதாவது பிள்ளையை இருத்தித் தள்ளும் வண்டி, வாங்கிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் காரில் கூட்டிக்கொண்டு போய், இருக்கிறதிலேயே பெரியதைக் காட்டி, "மூன்று பிள்ளைக்கும் இதுதான் வசதி" என்பார்கள். அவர்களுக்கு வசதிதான். அவர்களிடம் மினிவானும் கராஜும் இருக்கின்றன. உங்களிடம் இப்போதைக்கு இருப்பது ஒரு பேஸ்மென்ற் (நிலக்கீழ்) வீடும், பஸ்ஸுக்குக் காசு கட்டும் பிரெஸ்ரோ கார்டும். எத்தனை பிள்ளைகள் என்பதைவிட, அந்த ஸ்ரோலர் தினமும் எந்த வழியாகப் போய்வரப் போகிறது என்பதுதான் முக்கியம். வழி தெரிவதற்கு ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மடித்துக் கையில் தூக்கக்கூடிய மலிவான குடை ஸ்ரோலர் ஒன்றும், கைக்குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்றும் போதும். இரண்டும் பிறகும் பயன்படும், வீணாகாது.

மூன்று பேருக்கும் உண்மையிலேயே இருக்கை வேண்டுமா?

முதலில் வயதைக் கணக்குப் பாருங்கள். ஒன்ராறியோவில் ஒரு பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்ரெம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கிவிடும். அதுவும் முழுநாள் வகுப்பு. மூத்தவளுக்கு மூன்றரை, நடுவிலானுக்கு இரண்டு, கடைக்குட்டிக்கு நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரமே பகல்நேரத்தில் உங்களுடன் இருக்கப்போவது இரண்டு பேர்தான். காலையில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போதும் பின்னேரம் கூட்டிவரும்போதும் மட்டும் மூன்று பேர். அந்தத் தூரத்தை மூத்தவள் பெரும்பாலும் நடந்துவிடுவாள், களைத்தால் நிற்க ஒரு இடம் இருந்தால் சரி.

ஆகவே மூன்று இருக்கை ஸ்ரோலரை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது ஒரே பிரசவத்தில் மூன்று பெற்றவர்களுக்கும், டேகெயார் நடத்துபவர்களுக்கும் உரியது. இரண்டு இருக்கையும், பின்னால் பூட்டக்கூடிய நிற்கும் பலகையும் இருந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணும். இந்தப் பலகையைத் தனியாகவே வாங்கலாம். லாஸ்கல் என்ற நிறுவனத்தின் மாக்ஸி பலகை 22 கிலோ வரை தாங்கும், அநேகமான ஸ்ரோலர்களுக்குப் பொருந்தும். ஒன்று மட்டும்: பலகை பூட்டினால் தள்ளுபவரின் கால் அதில் இடிக்கும். உயரமானவர்கள் கடையிலேயே பூட்டித் தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இரண்டு இருக்கை என்றால் இரண்டு விதம். பக்கத்தில் பக்கம் வைத்தது ஒன்று. தள்ள இலகு, வளைக்க இலகு, இரண்டு பிள்ளைகளுக்கும் வெளியே ஒரே காட்சி, ஆகவே சண்டை குறைவு. ஆனால் ஏறக்குறைய 30 அங்குல அகலம். முன்னும் பின்னுமாக வைத்தது மற்றது. இதில் அகலம் ஒற்றை ஸ்ரோலர் அளவுதான், நீளமும் பாரமும் கூட. நடைபாதை விளிம்பில் (கர்ப்) ஏற்றும்போது கைபிடியை அமுக்கி முன்சில்லைத் தூக்க வேண்டும், முன்னால் கனமான பிள்ளை இருந்தால் தோள் நோகும்.

இந்த இரண்டாவது விதத்தில்தான், ஒற்றையாக வாங்கிப் பிறகு இரட்டையாக மாற்றக்கூடியவை வருகின்றன. அப்பாபேபி விஸ்ரா, பேபி ஜொகர் சிற்றி செலெக்ட் போன்றவை. இருக்கையைத் திருப்பலாம், கழற்றலாம், குழந்தையின் கார் சீற்றைப் பூட்டலாம். பலவிதமாக மாற்றலாம் என்று விளம்பரத்தில் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டாவது இருக்கை, கார் சீற்றைப் பூட்டும் அடாப்டர், பலகை எல்லாம் தனித்தனிக் காசு. புதிதாக முழுச்செட்டும் வாங்கினால் ஆயிரம் டொலரைத் தாண்டும் மொடல்கள் இருக்கின்றன, அதற்கு மேல் 13 சதவீத வரி. வந்த புதிதில் அந்தக் காசுக்கு வேறு தேவைகள் இருக்கும். பழையதாக வாங்குவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முன்னால் இருக்கை, பின்னால் இருக்கவோ நிற்கவோ ஒரு இடம் என்று இன்னொரு வகை உண்டு. விலை குறைவு, இரண்டரை வயதுக்கு மேற்பட்ட மூத்த பிள்ளை இருந்தால் நல்ல தெரிவு. ஒரு எச்சரிக்கை: 2023 பெப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், பேபி ட்ரெண்ட் நிறுவனத்தின் சிற் அன் ஸ்ராண்ட் டபிள், அல்ட்ரா மொடல்களில் ஒரு குழந்தையின் கழுத்து மேற்கூரைக்கு முன்னால் உள்ள இடைவெளியில் சிக்கி இறந்ததாக அறிவித்தது. பாவிக்காத நேரத்தில் கூரையைக் கழற்றி வையுங்கள், பிள்ளையை முழுப் பெல்ற்றும் போட்டு இருத்துங்கள் என்பதுதான் அவர்களுடைய அறிவுரை. எந்த ஸ்ரோலராக இருந்தாலும், வீட்டுக்குள் அதைப் பிள்ளைகள் ஏறி விளையாடும் சாமானாக விடாதீர்கள்.

பேஸ்மென்ற் படி

எந்தக் கடைக்காரரும் கேட்காத கேள்வி இது. நம் ஆட்களில் பலர் முதலில் வாடகைக்கு எடுப்பது பேஸ்மென்ற். பக்கவாசலால் நுழைந்தால் ஒரு சின்னத் தரை, உடனே திருப்பம், பிறகு ஒடுக்கமான படி. கதவு 30 அல்லது 32 அங்குலம் என்பார்கள். ஆனால் கதவு முழுதாகத் திறக்காமல் சுவரில் இடித்து நிற்கும், அப்போது கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. அளவுநாடாவை எடுத்து, கதவைத் திறந்துவைத்து, உள்ளே நுழையக் கிடைக்கும் இடத்தை அளவுங்கள். திருப்பத்தையும் அளவுங்கள். இந்த எண்களைத் தொலைபேசியில் எழுதிவைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் தூக்குவது. இரட்டை ஸ்ரோலர் ஒன்று 12 முதல் 16 கிலோ வரும். கைக்குழந்தை ஒரு கையில், இரண்டு வயதுக்காரன் படியில், மறுகையில் ஸ்ரோலர் என்று யாராலும் ஏற முடியாது, முயலவும் கூடாது. குழந்தையை கேரியரில் கட்டி, நடுவிலானைக் கையில் பிடித்து மேலே போய், அங்கேயே நிற்கும் ஸ்ரோலரில் இருத்துவதுதான் வழி. ஸ்ரோலர் அங்கே நிற்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். கராஜில் ஒரு மூலை, அல்லது பக்கவாசலுக்குள் மடித்துச் சாய்த்துவைக்க ஒரு இடம். வாடகைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்டால் "அதுக்கென்ன, வையுங்கோ" என்பார்கள். குடிவந்த பிறகு கேட்டால் முகம் மாறும். இடமே இல்லை என்றால் இரட்டை ஸ்ரோலர் ஆசையை விட்டுவிடுங்கள். நல்ல ஒற்றை ஸ்ரோலர், பலகை, கேரியர் மூன்றையும் வைத்து மூன்று பிள்ளைகளையும் சமாளிக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

அபார்ட்மென்ற்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. எலிவேற்றர் கதவை மட்டும் அளந்தால் போதும்.

பஸ்ஸும் ஸ்னோவும்

ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தான ரிரிசி (TTC) பஸ்களில் ஸ்ரோலரை விரித்தபடியே ஏற்றலாம். முன்வாசலில் நின்று சாரதியிடம் கேட்டால் சரிவுப் பலகையை இறக்குவார். கூச்சப்படாமல் கேளுங்கள், அது அவருடைய வேலை. 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை. உள்ளே போனதும் முன்பக்கத்தில் மடிக்கும் இருக்கைகள் உள்ள இடத்தில் நிறுத்தி, பிறேக் போடுங்கள். அந்த இடத்தில் சக்கரநாற்காலியில் வருபவருக்குத்தான் முதல் உரிமை. அவர் வந்தால் விலகி இடம்விட வேண்டும், தேவைப்பட்டால் ஸ்ரோலரை மடிக்கவும் வேண்டும். ஒற்றைக் கையால் மடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்ப்பது இதற்காகத்தான். பக்கத்தில் பக்கம் வைத்த ஸ்ரோலர் முன்வாசலால் நுழைந்தாலும், உள்ளே நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். தினமும் நெரிசல் நேரத்தில் பஸ் எடுப்பவர்கள் முன்னும் பின்னுமான வகையைப் பார்க்கவும். சப்வேயில் எஸ்கலேற்றரில் ஸ்ரோலரோடு ஏறாதீர்கள். புறப்படும் முன் எந்த நிலையத்தில் எலிவேற்றர் வேலை செய்யவில்லை என்று ரிரிசி தளத்தில் பார்த்துவிடலாம்.

சில்லைப் பற்றி ஜூலையில் யாரும் யோசிப்பதில்லை. ஜனவரியில்தான் தெரியவரும். ஸ்னோ கொட்டியபின் வீதியைத் துப்புரவாக்கும் வண்டி, எல்லாவற்றையும் முடக்குகளிலும் பஸ் தரிப்பிலும் வரம்பு கட்டியதுபோலக் குவித்துவிட்டுப் போகும். சிறிய பிளாஸ்ரிக் சில்லுகள் அதில் புதைந்துவிடும். பெரிய பின்சில்லும், ரப்பர் அல்லது உள்ளே ஃபோம் அடைத்த ரயரும் உள்ளதாகப் பாருங்கள். காற்றடிக்கும் ரயர் இன்னும் நன்றாக ஓடும், ஆனால் குளிரில் காற்று இறங்கும், வீட்டில் சைக்கிள் பம்ப் வேண்டும். முன்சில்லு திரும்பாமல் பூட்டும் வசதி இருந்தால் ஸ்னோவில் பூட்டிவிட்டுத் தள்ளுங்கள். அப்படியும் நகராவிட்டால், ஸ்ரோலரைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் வரும்.

வீதியில் கொட்டும் உப்பு இரும்பையும் சில்லின் பெயரிங்கையும் அரிக்கும். வாரத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டு வெந்நீரில் துணி நனைத்துச் சில்லுகளைத் துடைத்து, காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் பல குளிர்காலம் ஓடும். முழங்கால் அளவு ஸ்னோ விழுந்த நாளில் ஸ்ரோலரை மறந்துவிடுங்கள். கனேடியன் ரயர் என்ற கடையில், கயிறு கட்டிய பிளாஸ்ரிக் ஸ்லெட் (ஸ்னோவில் சறுக்கும் பலகை) ஒன்று வாங்கி, இரண்டு பேரை அதில் இருத்தி இழுத்துக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட வாசலில் இப்படிப் பலர் வருவதைப் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு அதைப்போல் சந்தோஷம் வேறில்லை.

குளிருக்கு ஸ்ரோலரில் கால்மூடும் பை போடலாம். மழைக்கான பிளாஸ்ரிக் உறையைக் கடைக்குள் நுழைந்ததும் தூக்கிவிடுங்கள், உள்ளே காற்று வேண்டும். கோடையில் வேறொரு பழக்கம் நம்மிடம் உண்டு: வெயிலுக்கும் கண்ணூறுக்குமாக அம்மம்மாமார் ஸ்ரோலரைத் துணியால் மூடிவிடுவார்கள். மெல்லிய துணியானாலும் உள்ளே சூடு வேகமாக ஏறும். கூரையை இறக்கி நிழலில் நிறுத்தலாம். கண்ணூறுக்குக் கறுத்தப் பொட்டு போதுமே.

இன்னொன்று, அரிசி மூட்டை. தமிழ்க் கடைக்குப் போய்த் திரும்பும்போது 20 றாத்தல் அரிசிப் பையைக் கைபிடியில் கொழுவ மனம் வரும். பிள்ளை இருக்கும்வரை ஸ்ரோலர் நிற்கும், பிள்ளையைத் தூக்கிய மறுகணம் பின்பக்கமாகச் சரியும். பலகையில் மூத்தவள் நின்றால் இன்னும் மோசம். பாரத்தைக் கீழ்க்கூடையில் வையுங்கள், கூடை எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். முன்னும் பின்னுமான ஸ்ரோலர்கள் பலவற்றில் கூடை பெரியது. வாகனம் இல்லாத குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

பழையது வாங்கும்போது

பேஸ்புக் மார்க்கெற்பிளேஸிலும், பழைய சாமான் விற்கும் கிஜிஜி தளத்திலும் நல்ல ஸ்ரோலர்கள் பாதி விலைக்கும் குறைவாக வரும். போய்ப் பார்க்கும்போது பிறேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. விரித்ததும் பூட்டு "கிளிக்" என்று விழ வேண்டும். பெல்ற் கொழுவிகளை எல்லாம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். மொடல் பெயரும் தயாரித்த தேதியும் உள்ள சீட்டைப் படமெடுத்து, கனடிய அரசின் ரீகோல் (குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்ட பொருட்கள்) தளத்தில் தேடுங்கள். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். இருக்கை முழுதாகப் படுக்காவிட்டால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது சரிவராது.

கார் சீற்றை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஊரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கொண்டுவந்த கார் சீற் இங்கே சட்டப்படி செல்லாது. மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். ஒன்ராறியோவில் புதிய கார் சீற்றுக்கு வரி 5 சதவீதம்தான். வாங்கும்போதே உங்கள் ஸ்ரோலருக்குப் பொருந்தும் அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு நிறுவனத்தின் அடாப்டர் மற்றதற்குப் பொருந்தாது. காரில் குழந்தைக்குத் தடித்த ஸ்னோ உடுப்புப் போட்டுப் பெல்ற் கட்டக் கூடாது. உடுப்பு அமுங்கிப் பெல்ற் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு இறுக்கிக் கட்டி, மேலே போர்வை போடுங்கள்.

ஊரிலிருந்து ஸ்ரோலர் கொண்டுவருபவர்களும் உண்டு. ஆனால் சில்லுப் பூட்டிய வாக்கரைக் கொண்டுவராதீர்கள், யாராவது தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். படியில் உருண்டு விழுந்த குழந்தைகள் ஏராளம் என்பதால், 2004 முதல் கனடாவில் அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் பழையதாகக் கைமாற்றுவதும் தடை.