பழைய ரயில்தடத்தில் குடும்பத்தோடு நெடுநடை: சமதளம் என்று நம்பிச் செய்யும் தவறுகள்

பெரம்பூரில் எங்களுடையது மூன்று தலைமுறையாக ரயில்வே குடும்பம். பணிமனைச் சங்கின் ஓசையைக் கேட்டே வளர்ந்த என் அப்பா, தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த ஒரு தடத்தின் மீது மக்கள் நாட்கணக்கில் நடந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சாவதற்குள் அதில் ஒரு முறை நடந்துவிட வேண்டும் என்று சொன்னார். என் மனைவியின் தங்கை அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் வசிப்பதால், அங்கிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் நகரம் வரை செல்லும் ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’ என்ற பாதையைத் தேர்ந்தெடுத்தோம். அப்பா, நான், மனைவி, பதினான்கு வயது மகன், பத்து வயது மகள் என ஐந்து பேர் ஒரு மே மாதத்தில் அதை நடந்து முடித்தோம். இப்போது எங்கள் சபையிலேயே இரண்டு குடும்பங்கள் அதே பாதையில் நடக்கத் திட்டமிடுகின்றன. நாங்கள் பட்ட சிரமங்களை அவர்களும் பட வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் நீளம் 150 மைல், அதாவது 241 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரையுள்ள ரயில் தூரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். பாதையின் கிழக்குப் பகுதி, 1975இல் கைவிடப்பட்ட வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வேயின் தடம். பகுதி பகுதியாகச் சீரமைக்கப்பட்டு, 2013இல் முழுப் பாதையும் இணைக்கப்பட்டது. தண்டவாளம் இருந்த இடத்தில் இன்று நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பி இறுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களுமே அதில் போகிறார்கள்.

ரயில்தடம் என்பதால் ஏற்றம் மிகக் குறைவு. நம் நீலகிரி மலை ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, அதற்காகவே பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். பல்சக்கரம் இல்லாத சாதாரண எஞ்சினால் அப்படி ஏற முடியாது. ஆகவே இந்தத் தடத்தைப் போட்டவர்கள் ஆற்றோரமாக வளைத்து வளைத்து, நூறு அடிக்கு இரண்டு அடிக்கும் குறைவான ஏற்றமே வரும்படி அமைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தவுடன் நம் மனதில் எழும் எண்ணம்தான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்: “சமதளம்தானே, யாரும் நடந்துவிடலாம்.”

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நினைத்தது மட்டுமல்ல, பயிற்சியையும் தவறாகச் செய்தோம். அலெகெனி என்பது மலைத்தொடர் என்பதால், சனிக்கிழமைதோறும் பரங்கிமலைக்குப் போய், முதுகில் பையோடு படிகளில் நான்கைந்து முறை ஏறி இறங்கினோம். தொடை வலுப்பெற்றது உண்மை. ஆனால் மலையில் ஏறும்போது ஒரு தசையும் இறங்கும்போது வேறொரு தசையும் மாறி மாறி உழைக்கின்றன, இடையிடையே ஓய்வும் பெறுகின்றன. சமதளத்தில் அந்த மாற்றமே கிடையாது. ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 25,000 அடிகள் எடுத்து வைக்கிறோம். அத்தனை அடியும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில், குதிகாலின் அதே இடத்தில் விழுகிறது. இரண்டாம் நாளிலேயே என் மனைவிக்கு உள்ளங்காலும் அப்பாவுக்கு இடுப்பும் வலிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

எனவே சென்னையில் பயிற்சி செய்பவர்களுக்கு என் யோசனை, படிகளை விட்டுவிட்டு மெரினாவுக்குப் போங்கள் என்பதுதான். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, பையைச் சுமந்துகொண்டு, விடியும் முன்பே தொடங்கி மூன்று முறை போய்த் திரும்புங்கள். ஒரு நாள் நடந்துவிட்டு அடுத்த ஆறு நாட்கள் ஓய்வெடுப்பதில் பெரிய பயன் இல்லை. முந்தின நாள் நடந்த கால், மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். சனிக்கிழமை நடந்தவர்கள் ஞாயிறு ஆராதனைக்கும் நடந்தே போகலாம். சலிப்பும் ஒரு பயிற்சிதான். ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கப் பிள்ளைகள் இங்கேயே பழகிவிட்டால், அங்கே மரங்களுக்கு நடுவே நேர்க்கோடாக நீளும் பாதையைக் கண்டு சோர்ந்து போக மாட்டார்கள்.

பழைய ரயில்தடத்தில் பழகுகிறோம் என்று சொல்லி, ரயில் ஓடும் தண்டவாளத்தின் மீது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. கர்நாடகத்தின் சக்லேஷ்பூர் மலைத்தடத்தில் நடந்தவர்களின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரயில் ஓடும் பாதை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தண்டனையை விடுங்கள், அந்தத் தடத்தின் சுரங்கங்களுக்குள் ரயில் வந்துவிட்டால் எளிதில் ஒதுங்க இடம் இருக்காது. ரயில் மறைந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலையோரமாக ஒரு நாள் நடந்து பாருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் அழிந்த தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் சுவர்களும், இடிந்து நிற்கும் ஆலயமும் அங்கே இருக்கின்றன. நிழல் கிடையாது; மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கையில் எடுத்துப்போன தண்ணீர் எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது என்பதை என் பிள்ளைகள் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த பெரிய தவறு, சைக்கிளில் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட திட்டத்தை நடப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வது. இந்தப் பாதையில் பெரும்பாலோர் சைக்கிளில்தான் போகிறார்கள், நான்கைந்து நாட்களில் முடித்தும் விடுகிறார்கள். கையேடுகள் அவர்களை நினைத்தே ஊர்களை வரிசைப்படுத்துகின்றன. கானல்ஸ்வில்லிலிருந்து ஓஹியோபைல் வரை 17 மைல்; சைக்கிளுக்கு அது இரண்டு மூன்று மணி நேரம். நமக்கு அது 27 கிலோமீட்டர், இடையில் ஒரு கடைகூட இல்லாத காட்டுவழி. கான்ஃப்ளுயன்ஸ் ஊரிலிருந்து ராக்வுட் வரை ஏறத்தாழ 18 மைல், அதாவது 29 கிலோமீட்டர். மைல்கற்களில் இருக்கும் எண்ணைப் பழக்கதோஷத்தில் கிலோமீட்டராகப் படித்துவிடுவது மிக எளிது. அப்பா இரண்டு முறை அப்படிப் படித்துவிட்டு, “அவ்வளவுதானே” என்று உற்சாகமாக எழுந்தார். நாங்கள் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. நினைத்த இடத்தில் கூடாரம் போடவும் முடியாது. அதற்கென ஒதுக்கிய முகாம்களில் மட்டுமே தங்கலாம். ஆகவே ஒவ்வோர் இரவும் எங்கே படுக்கப் போகிறோம் என்பதைப் பெரம்பூரில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

நடையின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்பதில் நாங்கள் செய்த தவறுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. முதல் மூன்று நாட்கள் மகன் முன்னால் போனான், நான் அவனோடு போனேன். அப்பாவும் மகளும் பின்தங்கினார்கள். நாங்கள் காத்திருந்து, அவர்கள் வந்து சேர்ந்தவுடன் எழுந்து நடப்போம். அதாவது ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, தேவைப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு ஜெபத்தில் மனைவி ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தை வாசித்தாள். அண்ணன் ஏசா சேர்ந்து போகலாம் என்று அழைக்கும்போது, பிள்ளைகள் இளம்பிள்ளைகள் என்றும், மந்தையை ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மாண்டுபோகும் என்றும் யாக்கோபு சொல்லி, அவர்கள் நடைக்குத் தக்கபடி மெதுவாக வருவதாகக் கூறும் பகுதி அது. அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மகளை முன்னால் விட்டோம், அவளுக்கு அடுத்து அப்பா நடந்தார், நானும் மகனும் கடைசியில் வந்தோம். ஐம்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் எல்லோருக்கும் ஓய்வு. அன்று மாலை நாங்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே ஊர் சேர்ந்தோம்.

ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் போலவே இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் என்று வைத்துக்கொண்டால், களைத்த பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் கோபப்படுவார்கள். நாங்கள் அதைக் காலை நடை தொடங்கும் முன்புக்கு மாற்றிக்கொண்டோம்: ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனை, பரமண்டல ஜெபம். ஞாயிற்றுக்கிழமையை நடக்காத நாளாக முதலிலேயே குறித்துவிடுங்கள். வழியிலுள்ள சிற்றூர்களில் ஆலயங்கள் இருக்கின்றன. சுத்தமான ஓர் உடையும் உள்ளத்தில் விருப்பமும் இருந்தால் போதும். உடலுக்கும் அந்த ஓய்வு வேண்டும். இதை நேர்த்திக்கடன் போல எண்ணி, வலியைச் சகித்துக்கொள்வதே பக்தி என்று பிள்ளைகளிடம் சொல்வது தவறு. வலிக்கிறது என்று சொல்லப் பிள்ளை தயங்கினால் கொப்புளம் புண்ணாகிவிடும்.

எங்கள் மகள் அப்படித்தான் தயங்கினாள். வெஸ்ட் நியூட்டன் தாண்டி ஒரு பெஞ்சில் அவள் ஷூவைக் கழற்றியபோது, காலுறையின் குதிகாலில் சுண்ணாம்புக்கல் துகள் ஈரத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் தோல் சிவந்து எழும்பியிருந்தது. ஷூவுக்குள் சூடு தெரிந்த அந்த நொடியிலேயே நின்று, துடைத்து உலர்த்தி, மருந்துக்கடைகளில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியை ஒட்டியிருந்தால் அது கொப்புளமாகியிருக்காது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது வேண்டாம். புதிய ஷூவோடு விமானம் ஏறவும் வேண்டாம். சென்னையில் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்த ஷூவாக அது இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் வடிகட்டியை நம்பி ஏமாறக் கூடாது. தென்மேற்குப் பென்சில்வேனியா பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் நாடு. கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து கசியும் அமிலநீர் பாதையோர ஓடைகள் சிலவற்றில் கலந்து, கற்களை ஆரஞ்சு நிறத்தில் படிய வைத்திருக்கிறது. நாம் எடுத்துப்போகும் சிறு வடிகட்டி கிருமிகளைத் தடுக்கும். நீரில் கரைந்த உலோகத்தைத் தடுக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஊர்களில் குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொள்வதே சரி.

உண்ணிக்கடி பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் அமெரிக்காவில் மிக அதிகமாகக் காணப்படும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. அந்த உண்ணி எள்ளளவுதான் இருக்கும், கடிப்பதும் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றுகிறது என்பதால், தினமும் மாலையில் தேடி எடுத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். என் மனைவி ஒவ்வொரு மாலையும் மகளை முன்னால் உட்கார வைத்து, பேன் பார்ப்பது போலவே காது மடலின் பின்புறம், பிடரி, வகிடு என்று விரலால் தடவித் தேடுவாள். ஒருமுறை முழங்காலின் பின்புறத்தில் ஒன்று கிடைத்தது. அதை எண்ணெய் விட்டோ, நெருப்புக் குச்சியால் சுட்டோ எடுக்கக் கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். அடுத்த வாரங்களில் காய்ச்சலோ, பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்று, வலப்பக்கமாக நடப்பது. நாம் பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கியே பழகியவர்கள். பின்னால் வரும் சைக்கிள்காரர், தான் இடப்பக்கமாகக் கடக்கப் போவதை உணர்த்த ‘லெஃப்ட்’ என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும், ஏதோ கட்டளை என்று நினைத்து என் மகன் இடப்பக்கம் தாவினான். சைக்கிள் சறுக்கி நின்றது, யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் குரல் வந்தால் இருக்கும் இடத்திலேயே வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்பதை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே சொல்லிக்கொடுங்கள். ஐந்து பேரும் கைகோத்துப் பாதையை அடைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது.

பருவத்தையும் கவனியுங்கள். 3,294 அடி நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவுகள் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாம் என்று நினைப்பவர்களால் முழுப் பாதையையும் நடக்க முடியாது. கோடை விடுமுறைதான் நமக்குப் பொருந்தும். ஆனால் சென்னையில் கத்திரி வெயில் கொளுத்தும் அதே நாட்களில் அங்கே இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போவதுண்டு. கம்பளிக் குல்லாய் ஒன்றாவது வேண்டும். சுரங்கத்துக்குள் விளக்குகள் இருந்தாலும், நண்பகலிலேயே மார்கழிக் குளிர் போல இருந்தது.

கடைசியாக இறக்கம். மலையுச்சியில், 2,392 அடி உயரத்தில் இருக்கும் நீர்ப்பிரிமுகட்டை, அதாவது மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேட்டைத் தாண்டியதும், மீதமுள்ள ஏறத்தாழ 24 மைலும் கம்பர்லேண்ட் வரை இறங்கிக்கொண்டே போகிறது. சாய்வு கண்ணுக்கே தெரியாது என்பதால் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கால்விரல்கள் ஷூவின் முன்பக்கத்தில் ஆயிரக்கணக்கான முறை இடித்து நகம் கறுத்துப்போகிறது. இதைத் தவிர்க்க, முந்தின இரவே நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, காலையில் ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். ஃப்ராஸ்ட்பர்க் விடுதியில் மகன் தரையில் உட்கார்ந்து, தாத்தாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பத்து நகங்களையும் ஒவ்வொன்றாக வெட்டினான். மறுநாள் கம்பர்லேண்ட் பழைய ரயில் நிலையத்தில் அப்பா ஷூவைக் கழற்றியபோது, எல்லா நகங்களும் வெள்ளையாகவே இருந்தன.