ஒட்டிக்கொண்டதெல்லாம் உள்ளே போனதாகாது

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் மைக்ரோபயாலஜி படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாளில் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம்: “பாக்டீரியாவின் புரதம் செல்லின் ஏற்பியில் பூட்டும் சாவியும் போலப் பொருந்தும், உடனே பாக்டீரியா உள்ளே நுழையும்.” ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளிப்பொருளைப் பிடிக்கும் மூலக்கூறு. முதல் பாதி சரி. அந்த ‘உடனே’தான் வம்பு.

உணவு வழியாகக் குடலுக்கு வரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்டர்னாலின் ஏ புரதம் குடல் செல்லின் ஈ-காடெரின் என்ற ஏற்பிப் புரதத்தைப் பிடிக்கிறது. ஈ-காடெரினின் சொந்த வேலை வேறு. அண்டை செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது அதனால்தான். பாக்டீரியா அதைப் பிடித்ததும் செல்லுக்குள் சமிக்ஞை போகிறது, செல்லுக்குச் சட்டகமாக இருக்கும் ஆக்டின் இழைகள் திரள்கின்றன, சவ்வு பாக்டீரியாவைச் சுற்றி மூடிக்கொள்கிறது. இழுத்துக்கொள்வது செல்தான். குளிரில் அந்த வேலை நின்றுவிடும், அதனால் செல்களை 4 டிகிரியில் வைத்தால் பாக்டீரியா ஒட்டும், உள்ளே போகாது.

இது புரியாததால், செல்லுக்குள் எத்தனை பாக்டீரியா நுழைந்தன என்று எண்ணும்போது ஆய்வகத்திலும் கணக்கு தப்புகிறது. “நல்லா கழுவிட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, செல்லை உடைத்து, தட்டில் பரப்பி, முளைத்த காலனி (பாக்டீரியாக் கூட்டம்) எல்லாவற்றையும் நுழைந்தவையாக எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் ஒட்டியவை மிஞ்சும். செல்லை உடைக்கும் முன் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் போடுங்கள். அது வெளியே இருப்பவற்றைக் கொல்லும். செல்லுக்குள் எளிதில் புகாது. அதற்குப் பிறகு மருந்தைக் கழுவி, செல்லை உடைத்து எண்ணினால்தான் அது நுழைவுக் கணக்கு. உங்கள் பாக்டீரியா அந்த மருந்துக்குச் சாகுமா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அப்புறம் எலி. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. மனித ஈ-காடெரினில் 16-ஆம் இடத்தில் இருப்பது புரோலின் என்ற அமினோ அமிலம். சுண்டெலியில் அதே இடத்தில் குளுடாமிக் அமிலம். இந்த ஒரு மாற்றத்தால் இன்டர்னாலின் ஏ அங்கே சரியாகப் பிடிப்பதில்லை. சுண்டெலிக்கு லிஸ்டீரியாவை வாய்வழி கொடுத்து, “இந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கில்லை” என்று முடிவெழுதினால் அது எலிக்கு மட்டும்தான் பொருந்தும்.

எல்லா பாக்டீரியாவும் இதே வழியில் போவதுமில்லை. சால்மோனெல்லா ஊசி போன்ற அமைப்பால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி, சவ்வையே கலைத்துப் புகுகிறது. காலராவில் கிருமி குடல் செல்லுக்கு வெளியிலேயே நிற்கிறது. உள்ளே போவது அதன் நச்சு. அந்த நச்சு பிடிக்கும் ஏற்பியான ஜிஎம்1 புரதமே அல்ல, கொழுப்பு வகை.

யெர்சினியா என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செல்லின் பீட்டா-1 இன்டெக்ரின் என்ற ஏற்பியைப் பிடிக்கும் அதன் இன்வேசின் புரதம் 26 டிகிரியை ஒட்டி நன்றாக உருவாகும், 37-இல் குறையும். செய்முறைத் தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பதை நம்பி, சித்திரை மாத மதுரையில் ஏசி இல்லாத அறையில் வளர்த்தால் இன்வேசினைத் தேடத்தான் வேண்டும். இன்குபேட்டரை 26-இல் வைத்து, அந்த எண்ணையே நோட்டில் எழுதுங்கள்.