துறைமுக வாயிலில் கற்சுவர்: கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துறைமுக முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், பார்வைக்கு லாரியில் கொண்டுவந்து கொட்டிய கல்மேடுகளைப் போலத் தோன்றினாலும், அடுக்கடுக்காகக் கட்டப்படுபவை. நடுவில் குவாரியிலிருந்து வரும் சிறுகற்களால் ஆன உட்கரு, அதன்மேல் நடுத்தரக் கற்கள், வெளிப்புறத்தில் அலையை நேராக ஏற்கும் கவசக் கற்கள் என்பதே அவற்றின் அமைப்பு. மோதும் அலை கற்களின் இடைவெளிகளுக்குள் புகுந்து சிதறி வலுவிழப்பதால்தான் சுவர் நிலைக்கிறது. இதை மறந்து செய்யும் வேலை எவ்வளவு செலவு பிடித்தாலும் நீடிப்பதில்லை.

முதல் தவறு, அலையை மட்டும் கணக்கில் எடுத்து மணலை விட்டுவிடுவது. சென்னைத் துறைமுகம் இதற்கு நம் கண்முன் இருக்கும் பாடம். 1876இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்தது. அவற்றை மீண்டும் கட்டினார்கள். ஆனால் புயலைவிடப் பிடிவாதமான எதிரி மணல். இக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கிழக்கு நோக்கி அமைந்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் அமைக்க நேர்ந்தது. தெற்கே தடுக்கப்பட்ட மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே மணல் வரத்து குறைந்த இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 1980களில் சுவர் கட்டப்பட்ட புதுச்சேரியிலும் வடபுறக் கடற்கரை இதே வகையில் கரைந்தது. தேங்கும் மணலை எடுத்து மறுபுறம் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் அதற்கான ஆண்டுச் செலவும் இல்லாத திட்டத்தை முழுமையான திட்டமாக என்னால் ஏற்க முடியவில்லை. நீரோட்டம் எந்தப் பருவத்தில் எப்படித் திரும்பும் என்பதை நன்கறிந்த மீனவர்களிடம், வரைபடம் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அடுத்தது கல்லின் எடை. தேவைப்படும் எடை அலையின் உயரத்தின் மும்மடிக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்பக் கூடுகிறது. எதிர்பார்த்ததைவிட அலை 20 விழுக்காடு உயர்ந்தால், ஏறத்தாழ 1.7 மடங்கு எடையுள்ள கல் வேண்டும். அடர்த்தியும் முக்கியம்: கன மீட்டருக்கு 2.65 டன் அடர்த்தியுள்ள கருங்கல்லுக்குப் பதிலாக 2.4 டன் அடர்த்தியுள்ள கல்லைப் பயன்படுத்தினால், அதே நிலைப்புக்கு ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையுடன் இருக்க வேண்டும். சுவரின் முனையில் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வது குறைவு என்பதால் அங்கே இன்னும் கனமானவை தேவை. உருண்டையான கற்களும் தட்டையான பலகைக் கற்களும் கவசத்துக்கு உதவா.

செலவைக் குறைக்க நடு அடுக்கை விட்டுவிடுவதும், பருவமழை நெருங்கும் நேரத்தில் உட்கருவை வெகுதூரம் நீட்டிவிட்டுக் கவசம் போடாமல் நிறுத்துவதும் ஒரே முடிவையே தரும்: அலை சிறுகற்களை உறிஞ்சி வெளியேற்றும், சுவர் உள்ளிருந்து அமிழும்.

பழுதுபார்ப்பில் நிகழும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மேற்பகுதி தாழ்ந்துவிட்டது என்றதும் அங்கே புதுக்கற்களைக் கொட்டி உயர்த்துவது வழக்கமாக நடக்கிறது. உண்மையில் பெரும்பாலும் பாதிப்பு தொடங்குவது நீருக்கடியில், சரிவின் அடிவாரத்தில். அங்கே கடல்தரை மணல் அரிக்கப்பட்டதும் அடிக்கல் சரிகிறது. அதன்மேல் சாய்ந்திருந்த கவசக் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. மேலே ஏற்றிய புதுக்கல் அந்தச் சரிவின் மேல் கூடுதல் பாரமாகவே முடியும். ஆகவே அடிவாரத்தை முதலில் சீரமைத்து, தளர்ந்த பழைய கற்களை எடுத்து, கீழிருந்து மேலாகப் பழையதோடு புதியது கவ்விக்கொள்ளும்படி ஒவ்வொரு கல்லாக வைக்க வேண்டும். ஒவ்வொரு கவசக் கல்லும் குறைந்தது மூன்று இடங்களிலாவது அண்டைக் கற்களைத் தொட வேண்டும். கைக்கு அசைந்தாலோ அலைக்கு ஆடினாலோ அதைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும்.

இடைவெளிகளில் கான்கிரீட் ஊற்றி நிரப்புவது இன்னொரு பெருந்தவறு. நடப்பதற்கு வசதியாகவும் உறுதியாகவும் தெரியும். ஆனால் நீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் போனதும் அலை சுவரின் மேல் ஏறி அடிக்கிறது, உள்ளே தேங்கும் அழுத்தம் பூச்சைத் தூக்கி உடைக்கிறது, அடியில் நிகழும் தாழ்வும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. கருங்கல் போதாத இடத்தில் கான்கிரீட் கட்டிகளைப் போடலாம் என்றாலும், அளவைப் பெரிதாக்கினால் போதும் என்று எண்ணக்கூடாது. போர்ச்சுகலின் சீனெஸ் துறைமுகத்தில் 42 டன் எடையுள்ள கட்டிகளால் கவசமிட்ட சுவர், 1978 பிப்ரவரிப் புயலில் பெருமளவு சிதைந்தது. மெலிந்த கைகளைக் கொண்ட அந்த வகைக் கட்டிகள் ஆடி மோதும்போது உடைந்துவிடக்கூடியவை.

நீருக்கு மேலே தெரிவதை மட்டும் புகைப்படம் எடுத்து ஆய்வை முடித்துவிடக் கூடாது. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு குறுக்குக்கோடு என நிரந்தரமாக அடையாளமிட்டு, பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், அதே கோடுகளில் சுவரின் உச்சி முதல் அடிவாரத்தைத் தாண்டிய கடல்தரை வரை அளக்க வேண்டும். வாயிலின் ஆழத்தையும் அதே நாட்களில் அளப்பது கட்டாயம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் மணல்மேட்டில் எழும் அலைகளால் படகு கவிழ்ந்து பல மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். சுவர் சேதமின்றி நின்றாலும், வாயில் ஆழம் குறைந்துவிட்டால் கரை திரும்பும் படகுக்கு அது பாதுகாப்பைத் தராது.