லினக்ஸ் துவங்கும்போதே உங்கள் ஸ்கிரிப்டும் ஓட

கணினியை ஆன் செய்ததும் ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓட வேண்டுமா? (ஸ்கிரிப்ட் என்றால் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு.) பழைய குறிப்புகள் பலவும், துவக்கத்தில் ஓட வேண்டியவற்றை எழுதும் ஆர்சி.லோக்கல் கோப்பைத்தான் கைகாட்டும். அதை விட்டுவிடுங்கள். டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015-லேயே, துவக்கத்தில் எது எது ஓட வேண்டும் என்று கவனிக்கும் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டன. சிஸ்டம்டிக்கு எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதிவிட்டால் போதும். ஏதாவது தவறினாலும் எங்கே தவறியது என்று பதிவில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஸ்கிரிப்டை என்வேலை.எஸ்எச் என்ற பெயரில் /யூஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் வையுங்கள். முதல் வரி #!/பின்/பாஷ் என்று இருக்கட்டும். சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து இயங்கும் அனுமதி தந்து, டெர்மினலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கையால் ஓட்டியே ஓடாதது தானாக ஓடவா போகிறது!

அடுத்து /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில், சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு), என்வேலை.சர்வீஸ் என்ற கோப்பைத் திறந்து இதை எழுதுங்கள்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=என் ஸ்கிரிப்ட்

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஸ்ஆர்/லோக்கல்/பின்/என்வேலை.எஸ்எச்

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

கோப்பில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்டில் 'இ', 'எஸ்' இரண்டும் பெரிய எழுத்து. மாற்றி அடித்தால் அந்த வரியை சிஸ்டம்டி கண்டுகொள்ளாது. ஒன்ஷாட் என்பது ஒரு வேலையைச் செய்து முடித்துவிடும் ஸ்கிரிப்டுக்கு. நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது என்றால் டைப்=சிம்பிள்.

இனி, சூடோவோடு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்வேலை. எனேபிள் அடுத்த துவக்கத்துக்குத்தான் ஏற்பாடு செய்யும், இப்போது ஓட்டாது. சோதித்துப் பார்க்க எனேபிளுக்குப் பதில் ஸ்டார்ட் கொடுங்கள்.

டெர்மினலில் நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் துவக்கத்தில் மட்டும் மக்கர் செய்தால், பெரும்பாலும் சூழல்தான் காரணம். டெர்மினலுக்கான உங்கள் பாஷ்ஆர்சி கோப்பின் அமைப்புகள் எதுவும் அங்கே கிடையாது. சர்வீஸ் பகுதியில் யூசர்= வரி இல்லாவிட்டால் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக ஓடும்; அதனால் ~ குறி உங்கள் ஹோமைக் காட்டாது. எல்லாப் பாதைகளையும் முழுசாக எழுதுங்கள். இணையம் தேவைப்பட்டால், வான்ட்ஸ்=, ஆஃப்டர்= என்ற இரண்டு வரிகளை யூனிட் பகுதியில் சேர்த்து, இரண்டிலும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்று கொடுங்கள்.

அப்படியும் ஓடவில்லையா? ஜர்னல்சிடிஎல் -யூ என்வேலை -பி என்று அடித்தால் இந்தத் துவக்கத்தின் பதிவு வரும். அதில் 203/எக்ஸெக் என்று இருந்தால் பாதையையும் முதல் வரியையும் இயங்கும் அனுமதியையும் சரிபாருங்கள்.

சின்ன வேலைக்கு இவ்வளவு எதற்கு என்றால், க்ரான்டேப் -ஈ என்று அடித்து, தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து @ரீபூட் என்று எழுதி, பக்கத்தில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுத்தால் சரி.