அதிபர் உரையைப் பார்க்கும்போது பழமைவாதிகள் செய்யும் தவறுகள்

2023 பிப்ரவரி 7 ராத்திரி, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அதிபர் பைடன் காங்கிரசில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நாட்டு நிலை பற்றி வருடாவருடம் நிகழ்த்தப்படும் ஸ்டேட் ஆஃப் தி யூனியன் உரையை ஆற்றியதைப் பார்த்தோம். எல்லாரும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். வரி குறைய வேண்டும், அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்று மனசார நம்புகிறவர்கள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, பிரசிடென்ட் நேத்து காங்கிரஸ்கிட்ட என்னதான் கேட்டாரு?" யார் எப்போது கத்தினார், யார் எழுந்து நிற்கவில்லை என்பதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை.

அந்த இரவின் கூச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சியில் சிலர் மெடிக்கேரையும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சோஷியல் செக்யூரிட்டியையும் (அரசு ஓய்வூதியத் திட்டம்) காலாவதியாக விடப் பார்க்கிறார்கள் என்றார் பைடன். உடனே சபையில் "பொய்யர்" என்று ஒரு குரல். எங்கள் ஹாலிலும் அதே சத்தம்தான். ஆனால் அவர் சொன்னது 'சிலர்' என்று. கூட்டாட்சிச் சட்டங்கள் எல்லாம் ஐந்து ஆண்டில் காலாவதியாக வேண்டும் என்ற திட்டம் நம் கட்சி செனட்டர் ரிக் ஸ்காட் பெயரில் நிஜமாகவே இருந்தது. உரை முடிந்து பத்தாம் நாள், அந்த இரண்டுக்கும் விலக்கு என்று அவரே திருத்தினார். கத்தியதால் நமக்கு என்ன கிடைத்தது? "சரி, அப்போ இதில் கைவைப்பதில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம்" என்கிற மாதிரி பைடன் முடிச்சுப் போட, நம் ஆட்களும் எழுந்து கைதட்டினார்கள். சோஷியல் செக்யூரிட்டியின் முதியோர் ஓய்வூதிய நிதிக் கையிருப்பு 2033இல் தீர்ந்துவிடும் என்று அறங்காவலர்களின் அறிக்கை அதே ஆண்டு சொன்னது. கடனைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிற கட்சி பேசியிருக்க வேண்டிய விஷயம் அது. அதைத் தேசமே பார்க்க நாமே மூடி வைத்தோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், பெயர் விசித்திரமாக இருக்கிற செலவைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வது. 2009இல் ஒபாமா உரைக்கு நம் கட்சி சார்பில் பதிலுரை தந்த லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால், 14 கோடி டாலர் 'எரிமலைக் கண்காணிப்பு'க்கா என்று கேட்டார். ஒரு மாதம் முடிவதற்குள் அலாஸ்காவில் ரிடவுட் எரிமலை வெடித்தது. வெடிக்காமலே இருந்திருந்தாலும் அது தப்பான இடம்தான். பெரிய பணம் போவது ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் ராணுவத்துக்கும் வட்டிக்கும்.

பேசுகிறவர் எதிர்க்கட்சி என்றதும் காதை மூடிக்கொள்வதும் நஷ்டம். 1996 ஜனவரியில் கிளிண்டன் அதே மேடையில் "பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்துவிட்டது" என்றார். நாம் எத்தனையோ வருடம் சொன்னதை அவர் வாயாலேயே சொன்ன தருணம்! அடுத்த வாக்கியத்திலேயே, மக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி விடப்பட்ட காலத்துக்கும் திரும்ப முடியாது என்று ஒரு 'ஆனால்' போட்டார். நம்மில் பாதிப் பேர் முதல் வாக்கியத்தை நடிப்பு என்று தள்ளினார்கள், மீதிப் பேர் இரண்டாவதை மறந்தார்கள். நம் கட்சியின் நியூட் கிங்ரிச் தலைமையில் இருந்த பிரதிநிதிகள் சபை வேலையைத்தான் பார்த்தது. கிளிண்டன் இரண்டு முறை வீட்டோ செய்து நிராகரித்திருந்த, ஏழைகளுக்கான உதவித்தொகை பற்றிய நலத்திட்டச் சீர்திருத்தத்தை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியது. அந்த ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்துப் போட்டார்.

நம் ஆள் பேசும்போது அளவுகோலையே கீழே வைத்துவிடுகிறோமே, அது எனக்கு இன்னும் வலிக்கிறது. 2003 ஜனவரி 28 அன்று அதிபர் புஷ், ஈராக்கின் சதாம் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றார் என்றார். ஆங்கிலத்தில் மொத்தம் 16 வார்த்தை. அந்த வாக்கியம் "பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது" என்றுதான் ஆரம்பித்தது. நம் உளவுத்துறை ஏன் அதைச் சொல்லவில்லை என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஜூலையில் வெள்ளை மாளிகையே அது உரையில் இருந்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் ஈராக் போர் ஆரம்பித்து ஏறக்குறைய நாலு மாதம் ஆகியிருந்தது.

உரை முடிந்ததும் வருகிற உடனடிக் கருத்துக்கணிப்புகளுக்குக் கொதிக்கவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். அதிபர் உரையை உட்கார்ந்து பார்ப்பவர்களில் அவர் கட்சிக்காரர்களே அதிகம் இருப்பார்கள்.

இந்த உரை விஷயத்தில் அரசியல் சட்டத்தின் 2ஆம் பிரிவு அதிபரிடம் கேட்பது, நாட்டு நிலையைக் காங்கிரசுக்குத் தெரிவிப்பதும், தேவையானதைப் பரிந்துரைப்பதும் மட்டுமே. ஜெபர்சன் 1801இல் அதை எழுத்தாகவே அனுப்பினார். 1913இல் வில்சன் நேரில் போய்ப் பேசும்வரை அதுதான் வழக்கம். அதனால் இப்போதெல்லாம் மறுநாள் முழு உரையையும் அச்செடுத்து, 'காங்கிரஸ் இதைச் செய்ய வேண்டும்' என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடுகிறேன். பக்கத்தில் செலவு எவ்வளவு, யார் கட்டுவது என்று எழுத இடம் விடுகிறேன். என் மகள் எதிரே உட்கார்ந்து நான் விட்டதைக் காட்டுகிறாள்.