9 வோல்ட் பேட்டரியில் ஒரு குட்டி டெஸ்லா காயில்

டெஸ்லா காயில், அதாவது வோல்ட்டேஜைப் பல மடங்கு ஏற்றும் கம்பிச் சுருள் என்றதும் மின்னல் தெறிக்கும் கோபுரம்தான் பலருக்கு நினைவு வரும். நிக்கோலா டெஸ்லா 1891-இல் உருவாக்கிய அந்த வகையை வீட்டு மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் முயற்சிக்கு அது வேண்டாம். அதை ஓட்டப் பயன்படுத்தும் நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மரும் மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரும் ஆளையே கொன்றுவிடும். நாம் செய்யப்போவது ஒரே டிரான்சிஸ்டரில் ஓடும் 'ஸ்லேயர் எக்ஸைட்டர்'. நீளமான தீப்பொறி வராது. ஆனால் வயர் எதுவும் தொடாமலே சிஎஃப்எல் பல்பு எரியும்.

தேவையானவை: முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு துண்டு, 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி சுமார் 25 மீட்டர் (மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள்), 2என்2222 டிரான்சிஸ்டர், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி, பிளாஸ்டிக் உறை போட்ட வயர் அரை மீட்டர், ஸ்விட்ச், 9 வோல்ட் பேட்டரி.

படி 1: செகண்டரி சுற்று

வோல்ட்டேஜ் ஏறும் நீளமான சுருள்தான் செகண்டரி. வேலையில் பாதி இதுதான். பைப்பின் அடியில் கம்பியை டேப்பால் ஒட்டி, ஒரு விரல் நீளம் வெளியே விட்டுவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பைப்பைத்தான் உருட்ட வேண்டும். கம்பியைச் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும். சுற்றுகள் ஒட்டி ஒட்டி வரட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அவசரப்படாமல் பிரித்து மறுபடி சுற்றுங்கள். 300 சுற்று வந்தால் போதும், ஆறு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். இடையில் எழுந்து போக வேண்டியிருந்தால் டேப் போட்டுவிட்டுப் போங்கள். முடிந்ததும் மேலே நெயில் பாலிஷ் பூசினால் நழுவாது.

இரண்டு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். செம்பு பளபளவென்று தெரிய வேண்டும். மேல் முனையில் அலுமினியத் தாளைப் பந்தாக உருட்டிச் செருகினால் இன்னும் நல்லது.

படி 2: பிரைமரி

பேட்டரியின் கரண்ட் பாயும் குட்டிச் சுருள் இது. உறை போட்ட வயரை செகண்டரியின் அடிப்பகுதியைச் சுற்றி மூன்று சுற்று. அவ்வளவுதான்.

படி 3: இணைப்பு

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று பெயர். பேட்டரியின் பிளஸ், ஸ்விட்ச் வழியாக, பிரைமரியின் ஒரு முனைக்கு. பிரைமரியின் மறுமுனை கலெக்டருக்கு. அதே பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. செகண்டரியின் அடி முனையும் பேஸுக்கே. எமிட்டர் மைனஸுக்கு. எல்இடியின் நீளக் கால் மைனஸில், குட்டைக் கால் பேஸில். தலைகீழாகத் தோன்றினாலும் இதுதான் சரி.

டிரான்சிஸ்டரின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை 2என்2222-இல் பேஸ் நடுவில் இருக்கும். எமிட்டரும் கலெக்டரும் தயாரிப்பைப் பொறுத்து இடம் மாறும். உடலில் உள்ள முழு எண்ணைப் படித்து அதற்குரிய டேட்டா ஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளை) பார்ப்பதே நல்லது.

ரெசிஸ்டர் வழியே பேஸுக்குக் கரண்ட் போனதும் டிரான்சிஸ்டர் திறக்கும், பிரைமரியில் கரண்ட் பாயும். உடனே செகண்டரியின் மேல் முனையில் வோல்ட்டேஜ் ஏறும், அடி முனை பேஸைக் கீழே இழுத்து டிரான்சிஸ்டரை அணைத்துவிடும். அப்புறம் மறுபடி திறக்கும். நொடிக்குப் பல லட்சம் முறை இது நடப்பதால் காயிலைச் சுற்றி உருவாகும் மின்புலம்தான் பல்புக்குள் இருக்கும் வாயுவை ஒளிர வைக்கிறது. இழை போன பழைய சிஎஃப்எல்கூட எரியும், கண்ணாடி உடையாமல் இருந்தால் சரி.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

அறையை இருட்டாக்கி, பல்பை அலுமினியப் பந்தின் அருகே கொண்டு போங்கள். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஓட்ட வேண்டாம், டிரான்சிஸ்டர் கொதிக்கும். மேல் முனையைத் தொடாதீர்கள், விரலில் சுடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் இருக்கவே கூடாது. போனையும் தள்ளி வையுங்கள்.

எரியவில்லையா? முதலில் பிரைமரியின் இரு முனைகளையும் இடம் மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே உயிர் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் எனாமல் முழுசாகப் போயிருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்து செகண்டரியின் இரு முனைகளுக்கும் இடையே பாருங்கள். அடுத்தது பேட்டரி. பழைய 9 வோல்ட் பேட்டரி வோல்ட்டேஜைக் காட்டும், ஆனால் கரண்ட் இழுக்கும்போது படுத்துவிடும்.