தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் சைவக்காரர்களுக்கு

கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போய்த் தாய்லாந்துச் சாப்பாடு ஓடர் கொடுக்கும்போது 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. டொம் யம் சூப்பில் உப்புக்கு ஊற்றுவதே மீன் சோஸ்தான். பச்சைக் கறி, சிவப்புக் கறி விழுதிலும் பெரும்பாலும் இறால் சேர்த்து அரைத்திருக்கும். கிண்ணத்தில் மரக்கறி மட்டும்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா முதல் கரண்டியிலேயே, "மாசிக் கருவாட்டு வாசம் அடிக்குதே" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். பாவம், பசியோடு இருந்தவர்.

சம்பலில் மாசி போட்டதா என்று நம் கடைகளில் கேட்போமே, அதேபோல "மீன் சோஸ், இறால் விழுது இரண்டும் வேண்டாம், சோயா சோஸ் போடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விழுது போத்தலில் வந்தது என்றால் லேபலைக் காட்டச் சொல்லலாம், தப்பில்லை. இந்தியச் சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை.